பேச்சியம்மாள் எழுதி வைத்தது

எனக்கு முதலில் துரோகம் செய்தவன் என் அண்ணன் சங்கரபாண்டி. அதைச் சொன்ன பிறகுதான் மற்றதைச் சொல்ல முடியும்.

எங்கள் அம்மா பேச்சியம்மாள் பேரில் ஒரு வீடும் கிணற்றோடு ஒரு வயலும் இருந்தன. அப்பா இறந்த மறு வருஷம் அண்ணன் அவளைக் காரில் ஏற்றி ரிஜிஸ்டர் ஆபீசுக்குக் கூட்டிப் போனான். எனக்குத் தெரியாது. இரண்டையும் தன் பேருக்குச் செட்டில்மெண்ட் எழுதி வாங்கிக்கொண்டான். சாகும்வரை அவளை வைத்துக் காப்பாற்ற வேண்டும் என்று பத்திரத்தில் ஒரு வரி இருக்கிறது.

அம்மா கீழே விழுந்து இடுப்பு ஒடிந்தபோது அந்த வரியை யாரும் படிக்கவில்லை. என் வீட்டு வாசலில் அவளை இறக்கிவிட்டான்.

"கொஞ்ச நாள் பாத்துக்கோ."

அந்தக் கொஞ்ச நாள் ஆறு வருஷம் ஆகிவிட்டது. அம்மா எழுந்து உட்காருவாள். நடக்க மாட்டாள். என் மனைவி போய்ச் சேர்ந்த பிறகு குளிப்பாட்டுவதும் நான்தான், துணி அலசுவதும் நான்தான். அண்ணன் தீபாவளிக்கு ஒரு சேலை கொடுத்தனுப்புவான். அதில் சாயம் போகும்.

போன பங்குனியில் ஒரு முடிவுக்கு வந்தேன். சொத்து எங்கே இருக்கிறதோ அங்கேயே அம்மாவும் இருக்கட்டும். மைதீனின் ஆட்டோவை வரச்சொன்னேன். அம்மாவைத் தூக்கி உட்கார வைத்தேன். அவள் துணிமூட்டையைப் பக்கத்தில் வைத்தேன். அண்ணன் ஊருக்குப் புறப்பட்டோம்.

வழியில், மலையடிவாரத்தில், ஊரார் சாமி என்று கூப்பிடும் துறவியின் மடம் இருக்கிறது. மடம் என்றால் ஒரு ஓட்டுக் கூரை, ஒரு புளியமரம். செவ்வாய்தோறும் அங்கே போய்த் தண்ணீர் எடுத்து ஊற்றுகிறவன் நான். சாமிக்கு என் மூத்த மகன் வயதுதான் இருக்கும். ஆனாலும் என்னை நீ என்றுதான் சொல்வார். அதையும் நான் மறக்கவில்லை.

சாமி முற்றத்தில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்.

"சாமி, ஒரு கேள்வி."

"கேளு."

"சொத்தை வாங்கினவன் ஒருத்தன். சோறு போடுறவன் இன்னொருத்தன். இது சரியா?"

"சரியில்லை."

இவ்வளவு சீக்கிரம் சொல்வார் என்று நான் நினைக்கவில்லை.

"அப்போ அம்மாவை அண்ணன் வீட்டுல கொண்டு விட்டுரலாமா?"

"விடலாம்."

"பாவம் இல்லையா?"

"பத்திரத்துல அப்படித்தானே எழுதியிருக்கு?"

அடுத்த புளியை எடுத்து உடைத்தார்.

அவர் தடுப்பார், நான் என் பக்கத்தைச் சொல்லலாம் என்று வழியெல்லாம் பேச்சை அடுக்கி வைத்திருந்தேன். அத்தனையும் வீணாய்ப் போனது.

"ஆச்சி எங்க?" என்றார் சாமி.

"ஆட்டோவுல."

கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

அம்மா மைதீனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏல, உன் வண்டியில ஏறினா ஒடியாத இடுப்பும் ஒடிஞ்சிரும்."

"வண்டி நல்ல வண்டி ஆச்சி. ரோடுதான் சரியில்ல."

"உங்க வாப்பா மாட்டுவண்டி அடிச்ச காலத்துல மாட்டு மேல பழி போடுவான். நீ ரோட்டு மேல போடு."

சாமி ஆட்டோவுக்குள் குனிந்தார்.

"ஆச்சி, எங்க பயணம்?"

"பெரியவன் வீட்டுக்காம்."

"போக இஷ்டமா?"

"என் இஷ்டத்தை யாரு கேட்டா? மூட்டையைத் தூக்கி வச்சான், என்னையும் தூக்கி வச்சான்."

"பெரியவனுக்கு எதுக்கு எல்லாத்தையும் எழுதி வச்சீங்க?"

இத்தனை வருஷத்தில் நான் கேட்காத கேள்வி அது. கேட்டால் அழுவாள் என்று விட்டிருந்தேன்.

அம்மா அழவில்லை.

"அவன் சோறு போட மாட்டான் சாமி. சின்னப் பிள்ளையிலேயே தெரியும். தம்பி தட்டுல கிடக்கிற மீனை எடுத்துத் தின்னுட்டு, தம்பி வாயைத் துடைச்சு விடுவான். எழுதி வச்சாலாவது ரெண்டு வேளை போடுவான்னு நினைச்சேன்."

"சின்னவனுக்கு ஒண்ணுமே இல்லையே."

"இவனுக்கு எதுக்கு? இவன் எழுதாமலே போடுவான்."



"நல்லா இருக்கும்மா உன் நியாயம். அவனுக்கு வயலு, எனக்குப் பீத்துணியா?"

"கத்தாதல. மைதீன் கேக்கான்."

"கேக்கட்டும். ஊரே கேக்கட்டும்."

மைதீன் இறங்கிப் புளியமரத்தடிக்குப் போய் நின்றுகொண்டான்.

"சாமி, நீங்களே சொல்லுங்க. சோறு போட மாட்டேன்னு பயங்காட்டுறவனுக்குச் சொத்து. ஒழுங்கா இருக்கிறவனுக்கு ஒண்ணுமில்ல. இது நியாயமா?"

"நியாயம் இல்லைன்னு முதல்லயே சொல்லிட்டேனே."

பிறகு அம்மாவிடம் திரும்பினார்.

"ஆச்சி, நீங்க போட்ட கணக்கு தப்பிப் போச்சு. இவனும் சோறு போட மாட்டான். இனிமே இவனுக்கும் ஏதாவது கொடுத்து வைக்கணும்."

அவர் சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

அம்மா என்னைப் பார்த்தாள். அண்ணன் வீட்டுக்குள் வரும்போது அவள் அப்படிப் பார்ப்பாள். என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"என்கிட்ட இனி என்ன இருக்கு சாமி?"



அம்மாவின் கை மெதுவாகக் காதுக்குப் போனது. அப்பா போட்ட கல்தோடு. பத்திரத்தில் ஏறாததால் மிஞ்சியது. வலது காதின் திருகைக் கழற்றப் பார்த்தாள். விரல் வழுக்கியது. மறுபடி பிடித்தாள். தோட்டை எடுத்து என் பக்கம் நீட்டினாள்.

"இந்தா ஐயா, இதை வச்சுக்கோ. என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ."

நான் வாங்கவில்லை. என் கையைப் பிடித்து இழுத்து உள்ளங்கையில் வைத்தாள்.

"மத்ததை வீடு போய்ச் சேர்ந்ததும் தாரேன்," என்றாள்.

சாமி மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கொஞ்ச நேரம் ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெயில் கம்பியைக் காய்ச்சியிருந்தது. கையை எடுக்கத் தோன்றவில்லை.

"காதைக் காட்டும்மா."

"திருகு கீழ விழுந்துட்டு."

முட்டி போட்டு ஆட்டோவின் தரையில் தேடினேன். மணலும் பீடித்துண்டும்தான் கையில் வந்தன. அம்மாவின் காலை மெல்லத் தூக்கினேன். பாதத்துக்குக் கீழே ஒட்டிக்கொண்டிருந்தது.

என் விரல் தடித்த விரல். ஓட்டை எங்கே என்று தெரியவில்லை. திருகு ஏறவில்லை.

"வலிக்குல. மெதுவா."

"ஆடாம இரு."

"நான் ஆடல. நீதான் ஓட்டையை விட்டுட்டுக் குத்துற."

ஒருவழியாக ஏறியது.

மைதீன் வந்து வண்டியில் உட்கார்ந்தான். "அண்ணாச்சி, எந்தப் பக்கம் விட?"

"வந்த பக்கம்."

அவன் வண்டியைத் திருப்பினான். நான் ஏறவில்லை. சாமியிடம் போனேன். அவர் மறுபடி புளியின் முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணனை மன்னிச்சுரணுமா சாமி?"

"நான் சொன்னேனா?"

"சொல்லல."

"அப்புறம்?"

"அவன் எனக்குத் தர வேண்டியது?"

சாமி ஒரு கொட்டையை எடுத்து எறிந்தார்.

"தர வேண்டியதுதான்."