இரண்டு முனையும் ஒரேபோல் இருந்த கேபிள்

“ரெண்டும் ஏன் பேசிக்கிட மாட்டேங்கு?” என்று கேட்டார் பிரமநாயகம்.

மேசைமேல் ஒரு கேபிளைப் போட்டார். இரண்டு முனையிலும் ஒரே மாதிரி யுஎஸ்பி தலை.

கிளாடிஸ் நிமிரவில்லை. ஒரு லேப்டாப்பின் வயிற்றைத் திறந்து தூசி ஊதிக்கொண்டிருந்தாள்.

“எது ரெண்டும் சார்?”

“என் கம்ப்யூட்டரும் வீட்டுக்காரி கம்ப்யூட்டரும். இதுல ஒரு தலை, அதுல ஒரு தலை சொருகினேன். அரை மணி நேரம் பாத்தாச்சு. கல்லு மாதிரி இருக்கு.”

கிளாடிஸ் பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவள். வயது முப்பத்தெட்டு. பிரமநாயகம் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். வயது அறுபத்தாறு. மூன்று மாதமாக அவளிடம் கம்ப்யூட்டர் படிக்கிறார்.

மாணவர் என்றுதான் பேர். வந்து உட்கார்ந்ததும் கேள்வி கேட்க ஆரம்பித்துவிடுவார். பள்ளிக்கூடத்திலிருந்து மாலை மரியாதையோடு அனுப்பி வைத்தார்கள். பழக்கமும் கூடவே வந்துவிட்டது.

“அந்தக் கம்ப்யூட்டர்ல என்ன வேணும் உங்களுக்கு?”

அவர் கடை வாசலைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். கால் ஆடிக்கொண்டே இருந்தது.

“படம்.”

“என்ன படம்?”

“பேத்தி படம்.”

விஷயம் இதுதான். அவருடைய ஒரே மகள் வடிவு, தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டாள். இனி இந்த வாசலில் கால் வைக்காதே என்று இவர் சொன்னார். அவளும் வைக்கவில்லை. கோயம்புத்தூரில் இருக்கிறாள். எட்டு மாதத்துக்கு முன்பு பெண் குழந்தை பிறந்தது. படமெல்லாம் அம்மாவுக்கு மட்டும் வரும்.

மகளை வராதே என்று சொன்ன அன்றிலிருந்தே மனைவி கோமதி இவரோடு பேச்சைக் குறைத்துக்கொண்டாள். சாப்பாடு வைத்திருக்கு, தண்ணீர் வந்துட்டு, அவ்வளவுதான். சாயங்காலம் ஆனால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். உள்ளே ‘பாப்பா, பாப்பா’ என்று கொஞ்சும் சத்தம் கேட்கும். தலைமையாசிரியர் கூடத்தில் உட்கார்ந்து பேப்பரைப் புரட்டுவார். ஒரு வரி ஏறாது.

அவள் கம்ப்யூட்டருக்குக் கடவுச்சொல் உண்டு. கேபிளைப் போட்டால் பின்வாசல் வழியாக நுழைந்துவிடலாம் என்று நினைத்தார். நேற்று கோமதி குளிக்கப் போன நேரத்தில் சொருகினார். சொந்த வீட்டிலேயே திருடப் போய், அதிலும் ஒன்றும் கிடைக்கவில்லை.

“அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டா காட்ட மாட்டாங்களா?”

“நானா? கேக்கவா?” மூக்கு விடைத்தது. “அவளுக்கே தோணணும்லா?”

கிளாடிஸ் திருப்புளியைக் கீழே வைத்தாள்.

“மவுஸைச் சொருகினா என்ன ஆகும் சார்?”

“வேலை செய்யும்.”

“ஏன்?”

அவர் மேசைமேல் கிடந்த மவுஸைத் திருப்பிப் பார்த்தார்.

“மவுஸ் முதல்ல ‘நான் வந்திருக்கேன்’னு சொல்லும். பிரிண்டரும் சொல்லும், பென் டிரைவும் சொல்லும். கம்ப்யூட்டர் மட்டும் சொல்லாது. அது நாற்காலியில உக்காந்துகிட்டு, வாரவங்களை யாரு, என்னன்னு விசாரிக்கும்.”

“அப்போ ரெண்டு கம்ப்யூட்டரைச் சேத்து மாட்டுனா?”

“ரெண்டும் உக்காந்திருக்கும்.”

“எம்புட்டு நேரம்?”

“கரண்ட் இருக்க வரைக்கும்.”

அவருக்கு எரிச்சல் வந்தது. கேபிளை எடுத்துச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார்.

“வழியே இல்லைங்கியா?”

அவள் இழுப்பறையிலிருந்து இன்னொரு கேபிளை எடுத்தாள். இதிலும் இரண்டு தலை. ஆனால் நடுவில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கட்டி.

“இதுக்குள்ள ஒரு சில்லு இருக்கு. அது அந்தப் பக்கமும் ‘நான் வந்திருக்கேன்’னு சொல்லும், இந்தப் பக்கமும் சொல்லும். கேட்டதுக்குப் பதில் சொல்லும். ஆனா அம்மாவும் அவங்க பக்கம் உக்காந்து சரின்னு அமுக்கணும்.”

“அதைப் பிறகு பாத்துக்கிடலாம். குடு.”

அவள் கொடுக்கவில்லை.

“ஒரு மணி நேரம் இது மாதிரி இருந்து காட்டுங்க. தாரேன்.”

“எது மாதிரி?”

“என் நாற்காலியில உக்காருங்க. கடைக்கு வாரவங்க கேப்பாங்க. நீங்க பதில் மட்டும் சொல்லணும். ஒரு கேள்வி கேக்கக் கூடாது. கேட்டா, மணி முதல்ல இருந்து ஓடும்.”

பிரமநாயகம் சிரித்தார். ஆயிரம் பிள்ளைகளை மேய்த்தவருக்கு இது ஒரு வேலையா?

கிளாடிஸ் செல்போனில் ஒரு மணி நேரம் வைத்தாள்.

முதலில் ஒரு பெண் வந்தாள். “பிரிண்டர் மை இருக்கா?”

“என்ன மாடல்?”

“சார்,” என்றாள் கிளாடிஸ். மணி முதலிலிருந்து ஓடியது.

பிறகு கூரியர் கொண்டுவந்தவர். “கடைக்காரம்மா இருக்காங்களா?”

“இருக்காங்க.”

நல்லது. ஐந்து நிமிஷம் போயிற்று. அந்த ஆள் கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பினார்.

“உமக்கு எந்த ஊரு?” என்றார் பிரமநாயகம்.

“சார்.”

அவருக்கு வியர்த்தது. வாய் நமநமத்தது. கேள்வி கேட்காமல் ஒரு மனிதரைப் பார்த்துக்கொண்டிருக்க அவருக்குத் தெரியவே இல்லை. எழுந்து போய்விடலாமா என்று இரண்டு தடவை நினைத்தார். அந்தக் கட்டி வைத்த கேபிள் கண்ணெதிரே கிடந்தது. போகவில்லை.

உதட்டை இறுக்கிக்கொண்டு ஐம்பத்தைந்து நிமிஷம் ஓட்டிவிட்டார்.

அப்போது ஒரு பழைய மானிட்டரைத் தூக்கிக்கொண்டு சுடலைமணி வந்தான். அவரிடம் படித்தவன். இப்போது சமாதானபுரத்தில் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான்.

“சார்! நல்லா இருக்கீங்களா?”

“இருக்கேன்.”

சாதாரணமாக இந்த இடத்தில் அவர், ‘நீ என்ன வேலை பாக்க? கல்யாணம் ஆச்சா? அப்பா எப்படி இருக்காரு?’ என்று அடுக்குவார். எதிரே நிற்பவன் பதில் சொல்லியே ஓய்ந்து போவான். யாரும் இவரைத் திருப்பிக் கேட்டதில்லை. கேட்க இடம் விட்டதில்லை.

இன்று வாயை மூடிக்கொண்டிருந்தார். சுடலைமணிக்கு ஆச்சரியமாக இருந்தது. அந்த இடைவெளியில் அவன் கேட்டான்.

“வடிவு எப்படி இருக்கா சார்? எங்க கிளாஸ்தான அவ.”

“இருக்கா.”

“எங்க இருக்கா?”

“கோயம்புத்தூர்ல.”

“பிள்ளைக?”

“ஒரு பொம்பளப் பிள்ளை.”

“அடடே! சந்தோஷம் சார். பேரு என்ன?”

பிரமநாயகம் வாயைத் திறந்தார்.

உள்ளே ஒன்றும் இல்லை.

கிளாடிஸ் திருகாணியைத் திருகுவதை நிறுத்திவிட்டாள். ஒரு எதிர்க்கேள்வி போட்டால் தப்பித்துவிடலாம். ‘அது கிடக்கட்டும், நீ என்னடே பண்ணுத?’ நாக்கு நுனி வரை வந்தது. அதை அவர் விழுங்கினார்.

“தெரியாது,” என்றார்.

சார் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று சுடலைமணி சிரித்தான். அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான். மானிட்டரை மெதுவாக இறக்கி வைத்துவிட்டு, “பிறகு வாரேன் சார்,” என்று போய்விட்டான்.

அவருக்கு அவமானமாக இருந்தது. அதைவிடத் துக்கமாக இருந்தது. எட்டு மாதமாகப் பேத்தியின் முகத்தைப் பார்க்கத்தான் தவித்துக்கொண்டிருந்தார். அந்தப் பிள்ளைக்கு ஒரு பெயர் இருக்கும் என்பது அவர் மண்டையில் உறைக்கவே இல்லை.

செல்போன் மணி அடித்தது. ஒரு மணி நேரம் முடிந்தது.

கிளாடிஸ் கேபிளை அவர் பக்கம் நகர்த்தினாள். “எடுத்துக்கிடுங்க சார்.”

அவர் அதைத் தொடவில்லை.

“இப்போ ஒரு கேள்வி கேக்கலாமா?” என்றார்.

“என்கிட்டயா?”

அவர் தலையசைத்து இல்லை என்றார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். தப்பான எண்ணை அழுத்தி, அழித்து, மறுபடி அழுத்தினார்.

மறுமுனையில் எடுக்கும் சத்தம் கேட்டது. வழக்கம்போல அவர் பேசட்டும் என்று கோமதி இருந்தாள். அவரும் வழக்கம்போல இருந்தார். குக்கர் விசில் ஒன்று அடித்து அடங்கியது.

“கோமதி.”

“ம்.”

“வடிவு பிள்ளைக்கு என்ன பேரு வச்சிருக்கு?”

போனை வைத்துவிட்டாளோ என்று காதோடு அழுத்திக்கொண்டார். மூச்சுச் சத்தம் கேட்டது. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“சொல்லு கோமதி. பேரு என்ன?”

“என்னையவா சொல்லச் சொல்லுதீங்க?” என்றாள் கோமதி. “உங்க அம்மா பேரை நான் எப்படிங்க வாயால சொல்லுவேன்?”