காவடிக்கு எந்தத் தோள்?

காது கொடுத்துக் கேட்பவர்கள் மட்டும் உட்காருங்கள். நடுவில் எழுந்து போகிறவர்கள் இப்போதே போய்விடுங்கள், எனக்கு ஒன்றும் நட்டமில்லை.

முருகன் மலைக்கு யாரும் படி வெட்டாத காலம் அது. சடையப்பன் என்று ஒரு மாட்டுத் தரகன் இருந்தான். துண்டுக்கு அடியில் கையை விட்டு அவன் விரல் பிடித்து விலை பேசினால், கிழட்டு எருதும் இளங்காளை விலைக்குப் போகும். எந்தப் பேரத்திலும் அவன் இறங்கி வந்ததே இல்லை.

அவனுடைய ஒரே மகளுக்கு விஷக் காய்ச்சல் கண்டது. வைத்தியர் கையை விரித்துவிட்டார். பிள்ளை பிழைத்தால் பால்காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டான். பிழைத்தாள். மைத்துனன் வையாபுரியையும் மாலை போடவைத்து, அவனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு நடந்தான்.

காவடிக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. பால் நிரப்பித் தோளில் ஏற்றிவிட்டால் மலை சேரும்வரை அது தரையில் படக்கூடாது. தோள் வலித்தால், மாலை போட்ட சொந்தக்காரன் தோளுக்குத்தான் மாற்ற வேண்டும். கீழே விழுந்தால் வேண்டுதல் செல்லாது. விட்டுப்போன காய்ச்சல் திரும்ப வந்துவிடும் என்ற பயம் இருவருக்குமே இருந்தது.

பல நாள் நடந்து, கடைசி நாள் விடியற்காலை. கலயங்களில் பால் நிரப்பியதுமே சண்டை தொடங்கிவிட்டது.

"மலையேறும்போது காவடி என் தோளில்தான் மாமா. தாய்மாமன் நான் இருக்கும்போது வேறு யார் ஏறுவது?"

"பெற்றவன் நான். வேண்டிக்கொண்டவன் நான். காதுகுத்துக்கு வந்து மடியைக் கொடு, போ!"

"அப்படியா? வழியெல்லாம் நீங்களே சுமந்துகொள்ளுங்கள்!"

கட்டுச்சோற்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு வையாபுரி விறுவிறுவென்று முன்னால் போய்விட்டான்.

சடையப்பன் தனியே நடந்தான். வேலமரத்து நிழல் வந்தது. தோள் மாற்ற ஆளில்லை, நடந்தான். கிணற்றடி வந்தது, தோள் மாற்ற ஆளில்லை, நடந்தான். நீர்மோர்ப் பந்தல் வந்தது. யாரோ வாயில் மோர் ஊற்றினார்கள், தோள் மாற்ற ஆளில்லை, நடந்தான். தோள் வீங்கிவிட்டது.

உச்சி வெயிலில் ஒரு புளியமரம். அதன் அடியில் வையாபுரி உட்கார்ந்திருந்தான். மூட்டை பிரிக்காமல் கிடந்தது. காவடி எடுத்தவன் சாப்பிடாமல் துணைக்கு வந்தவன் வாயில் வைக்கக் கூடாதே! பசியில் அவன் முகம் சுண்டியிருந்தது.

இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. மலையைப் பார்த்துப் பேசினார்கள்.

"முருகா, தோள் மாற்ற வேண்டுமானால் வாயைத் திறந்து கேட்கச் சொல்" என்றான் வையாபுரி.

"முருகா, கேட்டுத்தான் கொடுப்பானா என்று அவனைக் கேள்."

"மலையேறுவது யாராம்?"

"கால் மலை அவன் ஏறட்டும்."

"முழு மலை."

"அரை மலை."

"முழு மலை."

"முக்கால் மலை, முருகா! அதற்குமேல் கட்டாது!"

அந்த நேரம் பார்த்துச் சடையப்பனுக்குக் கெண்டைக்கால் சுண்டி இழுத்தது. காவடி சாய்ந்தது. ஒரு வாய்ப் பால் மண்ணில் சிந்தியது.

"மாப்பிள்ளை! முழு மலையும் எடுத்துக்கோ! பிடிடா!"

அவன் சொல்லி முடிப்பதற்குள் காவடி வையாபுரியின் தோளில் இருந்தது.

கீழே உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொண்டே சடையப்பன் கேட்டான். "நான் வாய் திறக்கும் முன்பே எழுந்துவிட்டாயா?"

"நம் பேரம் முடியும்வரை காவடி நிற்குமா மாமா?"

"அட பாவி! அப்படியென்றால் நான் வீணாக அல்லவா இறங்கிவிட்டேன்!"

இருவரும் சிரித்த சிரிப்பில் மரத்துக் காக்கைகள் பறந்தன. முதலில் சடையப்பன் புளிச்சோறு தின்றான். பிறகு தோள் மாற்றி வையாபுரி தின்றான். அதன்பின் வழியெல்லாம் தோள் மாற்றி, கதை பேசி, வேட்டியை மடித்துக் கட்டி நடந்தார்கள். பொழுது சாய மலையேறினார்கள். சொன்ன சொல்படி காவடி வையாபுரி தோளில். பால் அலம்பாமல் பின்னால் ஒரு கை கொடுத்துக்கொண்டே சடையப்பன் வந்தான். அவனுக்கு ஒரு குறையும் இல்லை.

சன்னதியில் பூசாரி கலயங்களை வாங்கினார். "யார் காவடி இது?"

"மாமாவுடையது" என்றான் வையாபுரி.

"மாப்பிள்ளையுடையது" என்றான் சடையப்பன்.

"உங்கள் உறவை யார் கேட்டது? யாருக்காக எடுத்தீர்கள்? பிள்ளை பேரைச் சொல்லுங்களப்பா!"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். விடிந்ததிலிருந்து அந்தப் பேர் ஒரு தடவைகூட அவர்கள் வாயில் வரவில்லை.

"செல்லாத்தா!" என்றார்கள், ஒரே குரலில்.

பால் முருகன் தலையில் இறங்கியது.

கேட்டீர்கள் அல்லவா, யாருக்காக நடக்கிறோம் என்பதை மறந்தவர்களுக்குத்தான் யார் சுமப்பது என்ற சண்டை வரும்.