குரலை இரவல் வாங்கிய ஆள்காட்டி

ஒரு காட்டுக் குளத்தின் கரையில் ஆள்காட்டிக் குருவி ஒன்று இருந்தது. விடியும் முன்பே அது குளத்தை ஒரு சுற்று சுற்றி வந்துவிடும். பிறகு கரைப் பாறையில் ஏறி, கண்டதைக் கத்திச் சொல்லும்.

"மேற்குக் கரையில சேறு! யாரும் காலை வைக்காதீங்க!"

"நாவல் மரத்துல பழம் இருக்கு! கூடவே குளவியும் இருக்கு!"

அவ்வளவுதான் அதன் பேச்சு. குரலும் ஒன்றும் இனிமையில்லை. தகரத்தைத் தரையில் இழுத்த மாதிரி இருக்கும். சில நாள், "இன்னிக்கு ஒண்ணுமில்லை, போங்க!" என்று விரட்டியும் விடும். ஆனாலும் மான், முயல், அணில், பன்றி எல்லாம் அது சொன்ன பிறகுதான் தண்ணீரில் வாய் வைக்கும். அந்தக் காட்டில் அப்படி ஒரு வழக்கம்.

வந்தது வினை! எதிர்க்கரைப் புளியமரத்தில் ஒரு மயில் குடியேறியது. காலை, மதியம், மாலை என்று ஓயாமல் ஏதாவது சொல்லிக்கொண்டே இருந்தது. மழை வருமா வராதா, யானை நேற்று ஏன் அழுதது, அணிலுக்கு ஏற்ற அத்திப்பழம் எது என்று அதற்கு விஷயத்துக்குப் பஞ்சமே இல்லை. கூட்டம் மெல்ல அந்தப் பக்கம் நகர்ந்தது.

ஆள்காட்டிக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாறையில் ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். "நேத்து வந்த முயல் இன்னிக்கு ஏன் வரலை? பன்னி ஏன் பாதியில எழுந்து போச்சு?" என்று புலம்பும். இரை தின்னும்போதுகூடக் கழுத்தை நீட்டி எதிர்க்கரையையே பார்க்கும். பாவம், என்ன தின்றோம் என்பதே அதற்கு நினைவிருக்காது!

இதை நரி பார்த்தது. அடுத்தவர் கவலை என்றால் நரிக்கு அல்வா சாப்பிடுவது மாதிரி.

"அண்ணே, ஏன் இப்படித் தொண்டை கிழியக் கத்துறீங்க? ஆலமரத்துல ஒரு மலை மைனா இருக்கு. இந்தக் காட்டுல இதுவரைக்கும் யார் என்ன பேசியிருந்தாலும் அதுக்கு மனப்பாடம். 'தண்ணியைப் பத்திப் பேசு'ன்னு சொன்னாப் போதும். நீங்க இறகு கோதி முடிக்கிறதுக்குள்ள மடமடன்னு பேசிடும். குரலோ தேன்!"

ஆள்காட்டி அப்போதே ஆலமரத்துக்குப் பறந்தது. மைனா உடனே ஒப்புக்கொண்டது. ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொன்னது.

"நான் உங்க குளத்தைக் கண்ணால பார்த்ததில்லை. மத்தவங்க பேசினதையெல்லாம் கோத்து அழகாச் சொல்வேன். அது சரியா தப்பான்னு நீங்கதான் பார்த்துக்கணும்!"

"அதெல்லாம் நான் பார்த்துக்கறேன், நீ வா!"

மறுநாள் மைனா பாறைக்குப் பின்னால் இருந்த தாழம்புதருக்குள் உட்கார்ந்தது. அங்கிருந்து பார்த்தால் முள்ளைத் தவிர எதுவும் தெரியாது. ஆள்காட்டி வழக்கம்போல் குளத்தைச் சுற்றி வந்து, கண்டதை அதன் காதில் போட்டது. பிறகு பாறை மேல் நின்று சும்மா அலகைத் திறந்து திறந்து மூடியது. மைனா பேசியது!

"அடேயப்பா! இந்தக் குரல் எப்ப வந்துச்சு?" என்று முயல் வாயைப் பிளந்தது.

"தேன் குடிக்கிறேன்!" என்று கூசாமல் புளுகியது ஆள்காட்டி.

கூட்டம் திரும்பி வந்தது. மயிலைப் போலவே மூன்று வேளையும் பேச்சு நடந்தது. மூன்று வேளையும் பேசினால் குளத்தைச் சுற்ற நேரம் ஏது? "என்ன சொல்றதுன்னு நீயே பார்த்துக்க மைனா!" என்று ஆள்காட்டி அந்த வேலையையும் தள்ளிவிட்டது. கூட்டம் சேர்ந்தால் கவலை தீரும் என்று அது நினைத்திருந்தது. கூட்டம் சேர்ந்தது, கவலை அதைவிட அதிகமாகச் சேர்ந்தது. இப்போது அது பறப்பதெல்லாம் புளியமரத்தடியில் எத்தனை தலை என்று பார்க்கத்தான்.

கோடை வந்தது. தூரத்து ஆறு வற்றியது. அங்கிருந்த முதலை ஒன்று தரை வழியாக ஊர்ந்து வந்து, குளத்தின் கிழக்குக் கரையோரம் இறங்கிப் படுத்துக்கொண்டது. அதை யாரும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியவர்தான் பாறை மேல் வாயசைத்துக்கொண்டு இருந்தாரே!

அன்று காலை மைனா பேசியது. "கிழக்குக் கரையின் தண்ணீர் கண்ணாடி போன்றது! குட்டிகளுடன் வருவோருக்கு அதைவிடப் பாதுகாப்பான துறை வேறில்லை!"

போன மழைக்காலத்தில் யாரோ சொன்னது அது. அப்போது உண்மையும்கூட. ஆள்காட்டி அலகை அசைத்ததே தவிர, சொன்னது என்னவென்று காதில் வாங்கவில்லை. அதன் கண் எதிர்க்கரையில் இருந்தது.

"வா கண்ணு, நாம கிழக்காலயே போவோம்" என்று ஒரு பெண்மான் தன் குட்டியை அழைத்துக்கொண்டு போனது.

கூட்டம் கலைந்ததும் ஆள்காட்டி மயிலின் கூட்டத்தை எண்ணப் புறப்பட்டது. கிழக்குக் கரைக்கு மேலே பறந்தபோது கீழே ஒரு மரக்கட்டை மிதந்தது. கட்டை கண்ணைச் சிமிட்டியது!

"முதலை! முதலை! மான் அக்கா, குட்டியை இழுங்க!"

மான் நிமிர்ந்து பார்த்தது. "என்ன தம்பி இது? பாதுகாப்பான துறைன்னு இப்பத்தானே சொன்னே? உன் குரலுக்கு என்ன ஆச்சு?"

"அது... வந்து..."

உண்மையைச் சொன்னால் மானம் போய்விடும். நாளைக்குப் பாறைப் பக்கம் ஒருவரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். ஆள்காட்டி ஒரு கணம் எதிர்க்கரையைப் பார்த்தது. பிறகுதான் வாயைத் திறந்தது.

"அது நான் பேசினதில்லைக்கா! நான் குளத்தைப் பார்த்தே ரொம்ப நாளாச்சு!"

அதற்குள் தண்ணீர் வெடித்தது. முதலை குட்டியின் முன்னங்காலைக் கவ்வியது. ஆள்காட்டி கல் மாதிரி கீழே விழுந்து அதன் கண்ணில் கொத்தியது. மான் குளம்பால் மூக்கில் உதைத்தது. வாய் கொஞ்சம் தளர்ந்தது. எப்படியோ குட்டியைக் கரைக்கு இழுத்துப் போட்டார்கள். உயிர் பிழைத்தது. கால் முறிந்து தொங்கியது. அந்தக் காலை அது பிறகு ஊன்றவே இல்லை.

சத்தம் கேட்டு எல்லோரும் ஓடி வந்தார்கள். மைனாவும் வந்தது. நரி முந்திக்கொண்டது.

"எல்லாம் இந்த மைனா செஞ்ச வேலை! புதருக்குள்ள உக்காந்து பேசினது இதுதான்!"

"ஆமா, ஆமா! இதுதான் தப்பாச் சொல்லிடுச்சு!" என்று ஆள்காட்டியும் அவசரமாகத் தலையாட்டியது.

"குளத்தைப் பார்த்ததில்லைன்னு நான் அன்னிக்கே சொன்னேனே!" என்றது மைனா.

குட்டியின் காயத்தை நக்கிக்கொண்டிருந்த மான் தலையைத் தூக்கியது. மைனாவை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இந்த மைனா யாருன்னே எனக்குத் தெரியாது. பாறை மேல நின்னது நீ. உன்னை நம்பித்தான் என் பிள்ளையைக் கூட்டிட்டு வந்தேன்."



ஆகவே வலைப்பதிவு எழுதுகிறவர்களே, கட்டுரையை எந்தக் கருவி எழுதிக் கொடுத்தாலும், அது சரிதானா என்று நீங்களே பார்க்காமல் உங்கள் பெயரில் வெளியிடாதீர்கள். படிக்கிறவர் நம்பி வருவது உங்களைத்தான், கருவியை அல்ல.