மூக்கையன் மூடிய மண்

வாயுள்ள ஜீவன்கள் எல்லாம் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஒரு கண்மாய்க் கரையில் பூனைகளுக்கு நாட்டாமையாக இருந்தார் மூக்கையன் என்ற கடுவன் பூனை. எலியும் மீனும் தவிர எதையும் தொடமாட்டார். அதோடு சும்மா இருந்திருக்கலாம். இளரத்தத் திமிரில், "பச்சையில் வாய் வைக்கிற பூனைக்கு இந்தக் கரையில் இடமில்லை" என்று சட்டம் வேறு போட்டுவிட்டார்.

வயது ஏறியது. எலும்பையே கரைத்த வயிறு இப்போது கல்லாகிவிட்டது. காலையில் ஒதுங்கப் போனால், வெயில் ஏறும்வரை முக்கிவிட்டு வெறுங்கையோடு திரும்புவார். மீனைப் பார்த்தாலே குமட்டியது. இப்படியே போனால் பிழைக்கமாட்டோம் என்று அவருக்கே தெரிந்துவிட்டது. ரொம்பவும் பயந்துபோனார்.

அந்தப் பக்கமாக வந்தாள் வெள்ளாடு வெள்ளையம்மா. அவளுக்கும் இவர் வயதுதான். துள்ளி நடந்துகொண்டே படபடவென்று புழுக்கை போட்டாள். பொறாமையில் மூக்கையனுக்கு மீசை துடித்தது.

"ஒனக்கு மட்டும் எப்படி புள்ள?"

"தெனம் புல்லு, தழைதான். வயசானா கொடலும் சோம்பேறியாயிரும்ண்ணே. நாரு உள்ள போனாத்தான் தள்ளிவிடும். நீங்களும் கொஞ்சம் கடிங்களேன்."

"நானா? நான் போட்ட சட்டம் என்னாவுறது?"

"சட்டமா வந்து ஒங்களுக்காக முக்கப் போகுது?" என்று சிரித்தாள். "ஒரேயடியா மேஞ்சிராதீங்க. நாலு நாலு இலையாக் கூட்டுங்க. மேல தண்ணி குடிங்க."

இரண்டு நாள் தவித்தார். மூன்றாம் நாள் காலையில் நாலு பக்கமும் பார்த்துவிட்டு அருகம்புல்லைக் கடித்தார். ருசியும் இல்லை, மணமும் இல்லை. கஷ்டப்பட்டு விழுங்கினார். இப்படியே நாலு நாள் போனது. அதற்கு மறுநாள் வயிறு கடமுடவென்றது. புதருக்குப் பின்னால் ஓடினார். அடடா, என்ன சுகம்! மறுபடி பிறந்தவர்போல எழுந்தார்.

திரும்பிப் பார்த்தார். இருந்த இடத்தில் பச்சைப் பச்சையாக நார்! யாராவது பார்த்தால் குட்டு உடைந்துவிடும். தான் போட்ட சட்டப்படி தானே கரையை விட்டுப் போக வேண்டியதுதான். அவசர அவசரமாக மண்ணைப் பறித்து மூடத் தொடங்கினார்.

"என்னண்ணே பண்றீங்க?"

பின்னால் தம்பி மொட்டையன் நின்றான். அவனும் கிழவன்தான். சட்டத்தை மீறுகிறவர்களைப் பிடித்து விரட்டுவது அவன் வேலை.

மூக்கையன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நாகரிகம்டா. இனிமே நம்ம குலத்துல எல்லாரும் மூடிட்டுத்தான் வரணும். அடுத்தவன் மூடினதை எவனும் கிளறிப் பாக்கக் கூடாது. புதுச் சட்டம்."

மொட்டையன் நெஞ்சில் கைவைத்துப் பெருமூச்சு விட்டான். "நல்ல சட்டம்ண்ணே! இதைப் பத்து நாளைக்கு முன்னாடியே போட்டிருக்கக் கூடாதா?"

அவன் மீசையில் ஒரு புல் துணுக்கு ஒட்டியிருந்தது. மூக்கையன் அதைப் பார்த்தார். பார்க்காததுபோல நடையைக் கட்டினார்.

அன்று முதல்தான் பூனைகள் யாருக்கும் தெரியாமல் புல்லைக் கடிப்பதும், போன இடத்தை மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல வாலை நிமிர்த்திக்கொண்டு வருவதும்.