ஐந்து கிரெடிட் ரஃபீக்

சீடருக்கு வயது ஐம்பத்திரண்டு. குருவுக்கு முப்பத்து நான்கு. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. வித்தை யாரிடம் இருக்கிறதோ அவர்தான் குரு.

குருவின் பெயர் பிலோமினா. திருப்பூரில் கிரிக்கெட் மைதானத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். கடையில் இருந்தபடியே நெட்ஸில் யார் எப்படிப் பந்து போடுகிறார்கள் என்று பார்ப்பார். முன்பு மாவட்டப் போட்டிகளுக்கு ஸ்கோர் எழுதியவர். சீடர் சென்னியப்பன், பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். துணியைத் தொட்டுப் பார்த்தே எத்தனை உருப்படி தேறும் என்று சொல்லிவிடுவார். ஆனால் செல்போன் ஆப்பில் அணி சேர்க்கும் ஆட்டத்தில் மட்டும் இரண்டு வருடமாக அவர் வாயில் மண்தான். கம்பெனியில் டெய்லர்கள்கூட அவரைக் கிண்டல் செய்தார்கள்.

ஆட்டம் எளிது. அன்றைக்கு ஆடும் இரண்டு அணிகளிலிருந்து பதினொரு பேரைப் பொறுக்க வேண்டும். ஒவ்வொருவனுக்கும் ஒரு விலை. அதற்குக் கிரெடிட் என்று பெயர். கையில் இருப்பது நூறு கிரெடிட். பேர் பெற்றவர்கள் தலைக்குப் பத்து விழுங்குவார்கள். ஐந்துக்குக் கிடக்கும் ஒருவன் அன்று ஆடிவிட்டால், அவனை எடுத்தவன் பாடு கொண்டாட்டம். அவனையே கேப்டனாகவும் போட்டிருந்தால் புள்ளி இரட்டிப்பு. மாவட்ட லீக்கைக்கூட அந்த ஆப் விட்டுவைக்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை சீடர் கேட்டார்.

“ஏனுங்க அம்மிணி, சல்லிசாக் கெடக்கற ஆளை எப்படிக் கண்டுபுடிக்கறீங்க?”

குரு மெஷினில் தாள் அடுக்கிக்கொண்டிருந்தார்.

“நான் அவனைத் தேடறதே இல்லீங்ணா.”

“அப்புறம்?”

“வெல கூடுன ஆளைப் பார்ப்பேன். எல்லாரும் எடுக்கற ஆளை. அவன் எப்ப விழுவான்னு தெரிஞ்சாப் போதும். அவன் எடத்துக்கு வர்றவனுக்கு ஆப்புல வெலயே இருக்காது.”

“விழுவான்னு முன்னாடியே தெரியுமுங்களா?”

“பாத்தாத் தெரியும். வலிய ரொம்ப நாளைக்கு ஒளிக்க முடியாதுங்ணா. ஆனா பாத்ததை வெளிய சொல்லக் கூடாது. சொன்னா எல்லாரும் அவனை விட்டுருவாங்க. அப்புறம் அதுல ஒண்ணுமில்ல.”

சீடர் தலையாட்டினார். நல்ல பாடம் என்று நினைத்தார். எனக்கும் அதில் பிழை தெரியவில்லை. பாடம் சரியாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மேட்சில் விலை கூடிய ஆள் தரணிதரன். இருபத்தொரு வயது, வேகப்பந்து. பத்தரை கிரெடிட். பத்தில் எட்டுப் பேர் அவனை எடுத்திருந்தார்கள். அவன் சீடரின் மகன்.

வெள்ளிக்கிழமை காலை தரணி குளித்துவிட்டு வந்து கொடியில் துண்டு போட்டான். இடக்கையால் எறிந்தான். துண்டு கீழே விழுந்தது. மறுபடியும் இடக்கையாலேயே எறிந்தான். சீடர் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

“என்ன கண்ணு, தோளா?”

அவன் சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தான்.

“அம்மாகிட்டச் சொல்லிப்போடாதீங்கப்பா. மூணு வாரமா இருக்குது. ஞாயித்துக்கெழமை செலக்டருங்க வர்றாங்க. அது முடியட்டும்.”

“டாக்டர்?”

“போனா மேட்ச் ஆடாதேம்பாரு.”

“நாலு ஓவர் போட்டுருவியா சாமி?”

“ரெண்டு ஓவர் தாங்கும். மேல தாங்காதுங்ப்பா.”

ஒரு தகப்பன் இங்கே என்ன சொல்ல வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். சீடருக்கும் தெரியும். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் வெளியே வந்தது வேறு.

“நீ பாதியில வந்துட்டா, மீதிய யாரு போடுவா?”

தரணியின் முகம் தெளிந்தது. அணியை நினைத்துக் கேட்கிறார் என்று அவனுக்குத் தோன்றியிருக்கும்.

“ரஃபீக் போடுவான். நெட்ஸ்ல நல்லாப் போடறான். கேப்டன்கிட்ட அவனைத்தான் சொல்லி வெச்சிருக்கேன்.”

சீடர் கம்பெனிக்குப் போகிற வழியில் வண்டியை ஓரங்கட்டி ஆப்பைத் திறந்தார். ரஃபீக், ஒன்பதாவதாக மட்டை பிடிப்பவன். ஐந்து கிரெடிட். எடுத்தவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. அந்த எண்ணை இரண்டு தடவை பார்த்துக்கொண்டார். மகனின் தோள் அப்போது நினைவில் இல்லை.

சனிக்கிழமை குருவின் கடைக்கு வந்தார். ஒரு மொக்கை ஆளைக் கேப்டனாகப் போட்டால் என்னவாகும் என்று சுற்றி வளைத்துக் கேட்டார்.

“நிச்சயமாத் தெரிஞ்சாப் போடுங்ணா,” என்றார் குரு.

“நிச்சயம்னு எப்படிங்க சொல்றது?”

“அது உங்களுக்குத்தான் தெரியும்.”

ஞாயிறு காலை, டாஸ் போடுவதற்குச் சற்று முன், சீடர் ஆப்பில் தன் அணியிலிருந்து மகனை நீக்கினார். ரஃபீக்கைக் கேப்டனாக்கினார்.

தரணியின் முதல் ஓவர் பிரமாதம். செலக்டர் ஒருவர் ஏதோ குறித்துக்கொண்டார். இரண்டாவது ஓவரின் நான்காம் பந்து, அவன் கையை விட்டு எங்கேயோ போய் விழுந்தது. அவன் அப்படியே மண்டியிட்டான். கத்தவில்லை. வலக்கை மட்டும் தனியாகத் தொங்கியது.

சீடர் எழுந்தார். முதலில் எழுந்தது மகனுக்காகத்தான், அதை நான் மறுக்க மாட்டேன். கேலரியில் இரண்டு படி இறங்கவும் செய்தார். அதற்குள் தரணி அணியின் கேப்டன், ரஃபீக்கைக் கூப்பிட்டு, ஓவரில் மீதியிருந்த பந்துகளைப் போடச் சொன்னான். சீடர் அங்கேயே நின்றுவிட்டார். இரண்டாவது பந்தில் ஸ்டம்ப் எகிறியது.

சீடர் உட்கார்ந்துகொண்டார்.

கடைசி ஓவர்களையும் ரஃபீக்தான் போட்டான். எதிரணி கண்ணை மூடிக்கொண்டு சுற்றியது. பந்து மேலே போவதும் யாராவது பிடிப்பதுமாக இன்னும் மூன்று விக்கெட். நாலாவது விழுந்தபோது சீடர் துள்ளி எழுந்து, தலைக்கு மேல் கையைத் தூக்கித் தட்டினார். எல்லைக்கோட்டுக்கு வெளியே நாற்காலியில், தோளில் ஐஸ் பையோடு உட்கார்ந்திருந்த தரணி திரும்பிப் பார்த்தான்.

புதன்கிழமை அவர் கடைக்கு வந்தார். கையில் ஸ்கேன் ரிப்போர்ட்.

“ரெண்டு காப்பி வேணுமுங்க. இன்சூரன்சுக்கு.”

குரு தாளை மெஷினில் வைக்குமுன் படித்தார். படித்துவிட்டு வைத்தார்.

“டாக்டர் என்ன சொல்றாரு?”

“நார் அறுந்துபோச்சுங்களாம். மூணு வாரத்துக்கு முன்னாடி வந்திருந்தா ஊசியோட போயிருக்கும்னாரு. வெள்ளிக்கெழமை வந்திருந்தாக்கூடக் காப்பாத்தியிருக்கலாம்னாரு. ஆபரேசன் பண்ணாத் தட்டுல சோறு எடுத்துத் திங்கலாம். பந்து போட முடியாது.”

மெஷின் இரண்டு முறை ஓடியது.

“ஆப்புல முதல் எடம் வந்தேனுங்க அம்மிணி.”

“பாத்தேன்.”

“ரெண்டு வருசத்துல இதான் முதல் தடவ.” அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். “பையன் காலையில கேட்டான். ஏனுங்ப்பா, நீங்க அப்படிக் கை தட்டுனீங்கன்னு.”

“என்ன சொன்னீங்க?”

“நீ விழுந்துட்டாலும் உங்க டீம் ஜெயிக்குதேன்னு சந்தோசப்பட்டேன்னு சொன்னேன்.”

“நம்பினானா?”

“நம்பிட்டானுங்க. சிரிச்சான். ரஃபீக்கு நல்லாப் போட்டானில்லீங்ளான்னு கேட்டான்.”

சீடர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. கடைக்கு வந்த ஒரு பெண், ஆதார் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டு, அப்புறம் வருகிறேன் என்று போய்விட்டாள்.

“நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க,” என்றார் சீடர். கோபமாகத்தான் சொல்ல நினைத்தார். கெஞ்சலாகத்தான் வந்தது. “இப்பச் சொல்லுங்க. நான் என்ன பண்ணட்டும்?”

குரு தன் போனை எடுத்து, ஞாயிற்றுக்கிழமைப் பட்டியலைத் திறந்து அவர் முன் வைத்தார்.

“முதல் எடத்தைத்தான் பாத்தீங்க. ரெண்டாவதைப் பாத்தீங்களா?”

சீடர் பார்த்தார். இரண்டாவது இடத்தில் பிலோமினா என்றிருந்தது. பெயரைத் தொட்டதும் அணி விரிந்தது. தரணி இல்லை. கேப்டன் ரஃபீக்.

“எங்க வூட்ல உள்ளது உங்களுக்கு எப்படித் தெரியுமுங்க?”

குரு ரிப்போர்ட்டையும் நகல்களையும் ஒன்றாக மடித்து அவரிடம் நீட்டினார்.

“ரெண்டு வருசமா பையன் பேச்சை எடுக்காம நீங்க இந்தக் கடைப்படி ஏறுனதில்லீங்ணா. சனிக்கெழமை அரை மணி நேரம் உக்காந்திருந்தீங்க. ஒரு தடவகூட அவன் பேரைச் சொல்லல.”