மூன்றாம் பாகத்துக் கயல்

'நெடுங்காவல்' கணினி விளையாட்டின் மூன்றாம் பாகம் செண்பகவல்லிக்குச் செய்தது பச்சைத் துரோகம். அவளுடைய கயலை அவளிடமிருந்து பிரித்தது. திருப்பித் தரவில்லை.

கயல் திரைக்குள் இருப்பவள். முதல் பாகம் தொட்டு வாளேந்திக் கூடவே வந்த துணைக்காரி.

செண்பகவல்லிக்கு ஒரு பழக்கம். கயல் எது கேட்டாலும், இருக்கிற பதில்களில் குரூரமானதை முதலில் சொல்லிப் பார்ப்பாள். கயலின் முகம் சுண்டிப்போவதை ரசிப்பாள். பிறகு சேவ் செய்து வைத்த இடத்துக்குத் திரும்பிப்போய், நல்ல பதிலைச் சொல்லி ஆட்டத்தைத் தொடர்வாள். கயலுக்கு எதுவும் நினைவிருக்காது.

முதல் இரண்டு பாகங்களும் அதற்கு இடம் கொடுத்தன. மூன்றாம் பாகத்தில் சொன்னது சொன்னதுதான்.

"நீ இல்லாமலே நான் ஜெயிப்பேன்" என்ற பதிலை அழுத்தினாள். கயல் வாளைக் கீழே வைத்துவிட்டு நடந்தாள். அவ்வளவுதான், திரும்பிப் போக வழியே இல்லை.

அந்த வரிசையிலேயே அதிகம் விற்றது இந்த மூன்றாம் பாகம்தான். வாங்கியவர்களில் பாதிப் பேர் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். பாதிப் பேர் மண்ணை வாரித் தூற்றினார்கள்.

மகளிர் விடுதியின் விளையாட்டு மன்றத்திலும் அதே கதைதான். மன்றத்துக் கணினியிலிருந்தே இதை நீக்க வேண்டும் என்று செண்பகவல்லி கூட்டத்தில் வாதாடினாள். அவளுடைய அறைத்தோழி ஷிபானா எழுந்து, நல்ல ஆட்டம், இருக்கட்டும் என்றாள்.

"அரியர் வச்சு அரியர் வச்சுத் தோத்துப் பழகுனவளுக்கு இது பிடிக்காம என்ன செய்யும்?" என்று செண்பகவல்லி பாய்ந்தாள்.

ஷிபானா இரண்டு தாள்களில் தவறியது செண்பகவல்லி ஒருத்திக்கு மட்டுமே தெரிந்திருந்தது. இப்போது மன்றத்துக்கே தெரிந்தது.

ஷிபானா அன்றைக்கே மேல்மாடியில் வேறு அறைக்குப் போய்விட்டாள். இரண்டு வருடம் ஒரே தட்டில் சாப்பிட்டவள், மெஸ்ஸில் எதிரே வந்தால் சுவரைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

செண்பகவல்லி நியாயம் கேட்டு எஸ்தரிடம் போனாள். மன்றத்தை நடத்துகிற ஆராய்ச்சி மாணவி அவள். விடுதிக்கே அக்கா. அளந்துதான் பேசுவாள்.

அதிகம் விற்றதால் மட்டும் ஒன்று நியாயமாகிவிடுமா என்று தொடங்கினாள் செண்பகவல்லி. பரோட்டாக் கடையில் கூட்டம் நிற்பதால் பரோட்டா மருந்தாகிவிடுமா என்றாள். காசு கொடுத்து வாங்கியவளின் உரிமை பற்றிப் பேசினாள். ஷிபானாவைப் பற்றி மட்டும் பேசவில்லை. கடைசியில் அதுவும் வந்தது.

"எப்படிக்கா அவளுக்கு இது பிடிச்சுது? என்னை எதிர்க்கணும்னே சொல்லுதாளா?"

எஸ்தர் ஹெட்போன் வயரின் சிக்கை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"நீ எந்த இடத்துல நிறுத்துன?"

"கயல் போன இடத்துல."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன அப்புறம்? அணைச்சுட்டேன். வாங்குன தளத்துல ஒத்தை நட்சத்திரம் போட்டு, திட்டி எழுதிட்டேன். என்னை மாதிரியே அங்க ஆயிரம் பேர் எழுதியிருக்காங்க."

எஸ்தர் மறுத்துப் பேசவில்லை. வாதாட வந்தவளுக்கு அதைவிட அவமானம் உண்டா?

மன்றத்துக் கணினியில் ஷிபானாவின் ஆட்டத்தைத் திறந்து திரையை இவள் பக்கம் திருப்பினாள்.

ஷிபானாவும் அதே பதிலைத்தான் சொல்லியிருந்தாள். அவளுடைய கயலும் வாளைப் போட்டுவிட்டுப் போயிருந்தாள். ஆனால் அவள் ஆட்டத்தை அணைக்கவில்லை. கயலைத் தேடிப் போயிருந்தாள். வழியெங்கும் விசாரித்து, சதுப்பில் விழுந்து எழுந்து, செண்பகவல்லி பார்த்தேயிராத ஊர்களைக் கடந்திருந்தாள்.

திரையில் ஓர் ஓடை. அக்கரையில் கயல், முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். கீழே நான்கு பதில்கள் காத்திருந்தன.

செண்பகவல்லியின் கை தானாக மவுஸுக்குப் போனது. எஸ்தர் அதன்மேல் தன் கையை வைத்தாள்.

"இது உன் ஆட்டம் இல்ல. எதைச் சொல்லணும்னு அவகிட்டக் கேட்டுட்டு வா."

"அவ என்கிட்டப் பேச மாட்டாக்கா."

எஸ்தர் எழுந்துபோய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

மாடி ஏறுவதற்குள் செண்பகவல்லி மூன்று வாக்கியங்களைத் தயார் செய்தாள். ஒன்று "ஆனா" என்று தொடங்கியது. இன்னொன்று "நீயும்தான்" என்று தொடங்கியது. மூன்றாவது நன்றாகத்தான் இருந்தது. கதவைத் தட்டியதும் மூன்றும் ஓடிப்போயின.

ஷிபானா ஈரத்தலையோடு வந்து நின்றாள்.

"என்னளா?"

"அன்னைக்கு நான் சொன்னது தப்பு. அத்தனை பேர் முன்னாடி சொல்லிட்டேன். இனி அதைச் சொல்லலைன்னு ஆக்க முடியாது."

தாழ்வாரத்தின் கோடியில் யாரோ வாளிக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அது ஓய்கிறவரை ஷிபானா இவளையே பார்த்தாள்.

"எனக்கு இன்னும் கோவம் போகலை," என்றாள். "உள்ள வா."