கத்தியதில் கருகிய ஸ்பீக்கர்

பாளையங்கோட்டையில் ஓய்வுபெற்ற தாசில்தார் ராஜப்பா குரலெடுத்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். ஞாயிறுதோறும் மாலை நாலு மணிக்கு அவர் வீட்டு ஸ்டீரியோ ரிசீவர் என்ற பாட்டுப் பெட்டியில் பாட்டு கேட்க நண்பர்கள் கூடுவார்கள். ஒரு ஞாயிறு காலை அதன் பெரிய ஸ்பீக்கர்களை எலி குதறியிருந்தது. அவர் பழைய கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் ஜோடி ஒன்றை மாட்டினார். அது புகைந்து போனது. பழி, வீட்டுவேலை செய்யும் சொர்ணத்தாய் மேல் விழுந்தது.

"நீ ஈரத்துணி வச்சுத் துடைச்சதுதான் காரணம்! பரண்ல இதே மாதிரி இன்னொரு ஜோடி கிடக்கு. நாலு மணிக்குள்ள பாட வை. இல்லைன்னா நாளையிலேருந்து வராத!" என்று கத்தினார் ராஜப்பா.

வேலை போனால் அவள் வீட்டில் உலை கொதிக்காது. சொர்ணத்தாய் ரிசீவரின் பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். பரணில் ஏறினாள்.

நாலு மணிக்கு நாதஸ்வரம் கணீரென்று கேட்டது.

"எப்படிம்மா செஞ்ச?" என்றார் ஒரு நண்பர்.

"தெனமும் காலையில ஒரு கம்ப்யூட்டர் சென்டர்ல கூட்டுதேன், அங்க பாத்தேன் அய்யா. இந்த ஸ்பீக்கருக்குத் தனியா கரண்ட் உண்டு, சொந்த பலம் உண்டு. ஹெட்போன் ஓட்டையில சொருகி மெதுவாச் சொன்னாப் போதும், அதுவே பாடும். நம்ம அய்யா அது முனையை வெட்டி, பின்னால பெரிய ஸ்பீக்கர் மாட்டுற இடத்துல முறுக்கி, ரிசீவரைக் கத்த விட்டுட்டாக. பலமுள்ளதுகிட்டக் கத்துனா கருகிரும்லா?"

நண்பர்கள் எட்டிப் பார்த்தார்கள். வெட்டிய ஒயர் பின்னால் அப்படியே தொங்கியது.

ராஜப்பா தொண்டையைச் செருமினார்.

"நாளைக்கும் வந்துரு, சொர்ணம்" என்றார்.

பக்கத்தில் இருந்தவருக்கே அது சரியாகக் கேட்கவில்லை. சொர்ணத்தாய்க்குக் கேட்டது.